இரண்டாம் குரலைத் தேடியவர்: கிராம் பார்சன்ஸின் இரு தொகுப்புகள் ஒரே குறுந்தட்டில்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையைப் பாடிய கிராம் பார்சன்ஸ், தனிப்பாடகராகத் தன் பெயரில் பதிவு செய்தவை இரண்டே இரண்டு இசைத்தட்டுகள்தாம். அவ்விரண்டையும் சேர்த்து அமெரிக்காவின் ரிப்ரைஸ் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் ஒரே குறுந்தட்டாக வெளியிட்டது. 1973 ஜனவரியில் வந்த ‘ஜி.பி.’ தொகுப்பின் 11 பாடல்களும், 1974 ஜனவரியில் வந்த ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ தொகுப்பின் 9 பாடல்களுமாக இதில் 20 பாடல்கள் உள்ளன. இரண்டாவது தொகுப்பு கடைகளுக்கு வந்தபோது பாடியவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன; இறக்கும்போது அவருக்கு வயது 26.

இவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் பாட்டில் தொடங்குவதில்லை, பிணத்தில் தொடங்குகிறார்கள். 1973 செப்டம்பர் 19 அன்று கலிபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தை ஒட்டிய விடுதியொன்றின் 8ஆம் எண் அறையில், மார்ஃபினும் மதுவும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. உடலை லூயிசியானாவுக்கு அனுப்புவதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்குக் கொண்டு சென்றிருந்தார்கள். அவருடைய பயண மேலாளராக இருந்த ஃபில் காஃப்மன் ஒரு நண்பரோடு அங்கே போய், சவப்பெட்டியை ஏமாற்றி வாங்கிக்கொண்டு, பாலைவனத்தில் கேப் ராக் என்னும் பாறையருகே கொண்டுபோய் எரியூட்டினார். தானும் பார்சன்ஸும் முன்பே பேசிவைத்துக்கொண்ட வாக்கை நிறைவேற்றியதாக அவர் சொன்னார். பாதி எரிந்த உடல் பின்னர் நியூ ஆர்லியன்ஸ் அருகே அடக்கம் செய்யப்பட்டது. இதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கதையை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, பாடல்களில் ஒன்றைக்கூடக் கேட்டிராதவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். இந்தத் தட்டு அவர்களுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.

பார்சன்ஸ் பெரிய பாடகர் என்று நான் சொல்லமாட்டேன். சுருதி சில இடங்களில் தாழ்ந்துவிடும். நீண்ட அடிகளின் கடைசிச் சொல்லுக்கு மூச்சுப் போதாது. மேல்ஸ்தாயியை எட்டும்போது குரல் நடுங்கும். ஆனால் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் வந்து நின்றுவிட்டால், அதே நடுக்கம் குறையாகத் தோன்றாமல் பாட்டின் பொருளாகவே மாறிவிடுகிறது. அவர் பாடிய ஆறு ஆண்டுகளையும் அந்த இரண்டாம் குரலைத் தேடி அலைந்த காலமாகவே என்னால் கேட்க முடிகிறது. முதலில் ஒரு குழுவில் அவர் குரலே அழிக்கப்பட்டது. அடுத்த குழுவில் சகோதரனைப் போன்ற ஒரு குரல் கிடைத்தது. கடைசியில், இந்தக் குறுந்தட்டிலுள்ள இரு தொகுப்புகளில், பாடகி எம்மிலூ ஹாரிஸின் குரல் வந்து சேர்ந்தது. ஆகவே அதற்கு முன்னால் வந்த தட்டுகளைப் பற்றியும் சிறிது சொல்லாமல் இதை மதிப்பிட முடியாது.

அவருடைய இயற்பெயர் இங்ராம் செசில் கானர். 1946 நவம்பர் 5 அன்று புளோரிடாவின் வின்டர் ஹேவனில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் என்னும் ஊரில் வளர்ந்தவர். தாய்வழிக் குடும்பம் புளோரிடாவில் பெரும் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு உரியது. 1958இல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, தந்தை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறுமணம் செய்துகொண்ட தாய், 1965 ஜூனில், மகன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய அதே நாளில், குடியினால் வந்த நோயில் இறந்தார். பார்சன்ஸ் என்பது மாற்றாந்தந்தையின் பெயர். அந்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தவர் ஒரு பருவத்தோடு வெளியேறிவிட்டார். பணத்துக்கு ஒரு நாளும் குறைவிருந்ததில்லை, வீட்டில்தான் ஆள் இல்லை. ஏழைகளின் இசை என்று பெயரெடுத்த கன்ட்ரியை இவ்வளவு வசதி படைத்த ஒருவர் எப்படி நெஞ்சில் கைவைத்துப் பாட முடிந்தது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான்.

1968இல் அவர் பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்து பணியாற்றிய தட்டு ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’. புகழ்பெற்ற ஒரு ராக் குழுவை ஸ்டீல் கிட்டாரும் ஃபிடிலும் கொண்ட நாட்டுப்புறப் பாதைக்குத் திருப்பியவர், புதிதாக வந்து சேர்ந்த இந்த 21 வயது இளைஞர். ஆனால் முன்னர் அவர் ஒப்பந்தம் செய்திருந்த லீ ஹேசில்வுட்டின் இசைத்தட்டு நிறுவனம் உரிமை கோரியதால், அவர் பாடியிருந்த பல பாடல்களில் அவருடைய குரலை எடுத்துவிட்டு குழுத் தலைவர் ரோஜர் மெக்குயினின் குரலைச் சேர்த்தார்கள். தென்மாநில உச்சரிப்பை வலிந்து வரவழைத்துக்கொண்டு மெக்குயின் பாடும் அந்தப் பாடல்களைக் கேட்கும்போது, அளவெடுத்தவனை விட்டுவிட்டு வேறொருவனுக்கு மாட்டிய சட்டையைப் பார்ப்பதுபோல இருக்கும். பின்னாளில் வந்த மறுபதிப்புகளில் பார்சன்ஸ் பாடிய வடிவங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

அவருடைய குரலோடே தப்பிப் பிழைத்தவற்றுள் முதன்மையானது ‘ஹிக்கரி விண்ட்’. புளோரிடாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்ற ரயில் பயணத்தில், பாப் புக்கானனோடு சேர்ந்து அவர் எழுதியது. தென் கரோலினாவின் பைன் மரங்களையும், சிறுவயதில் ஏறி விளையாடிய ஓக் மரத்தையும் நினைத்துக்கொண்டு, தொலைதூர நகரத்தில் எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கும் ஒருவன், ஹிக்கரி மரங்களின் ஊடே வரும் காற்றின் அழைப்பைக் கேட்கிறான். பார்சன்ஸ் வளர்ந்தது ஜார்ஜியாவிலும் புளோரிடாவிலும். பாட்டில் வருவதோ தென் கரோலினா. திரும்பிப் போக ஒரு வீடு இல்லாதவனுக்கு எந்த மாநிலத்தின் மரமானாலும் ஒன்றுதான் போலும்.

அந்த ஆண்டு மார்ச் 15 அன்று, கன்ட்ரி இசையின் கோயிலாகக் கருதப்பட்ட நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பேர்ட்ஸ் பாடினார்கள். நீண்ட முடி வைத்த இளைஞர்களைக் கண்ட அரங்கினர் கேலிக் குரல் எழுப்பினார்கள். ‘முடியை வெட்டுங்கள்’ என்று கத்தினார்கள். நிகழ்ச்சியை அறிவித்த டாம்பால் கிளேசர், அடுத்து கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகார்டின் பாடலொன்று வரும் என்று சொன்னார். பார்சன்ஸோ, யாரையும் கேட்காமல், தன் பாட்டிக்குக் காணிக்கையாக ‘ஹிக்கரி விண்ட்’ பாடத் தொடங்கிவிட்டார். மேடை மரபை மீறிய அந்தச் செயலுக்காகக் கிளேசர் கடுங்கோபம் கொண்டார். இந்த இடத்தில் அந்தப் பாடலையும், கிளேசர், ஹாகார்ட் என்னும் இரு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் இந்தக் குறுந்தட்டில் திரும்பி வருகின்றன.

சில மாதங்களில், தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு வர மறுத்து, லண்டனில் குழுவை விட்டு விலகினார். பின்னர் அதே குழுவின் கிறிஸ் ஹில்மேனையே கூட்டாளியாகக்கொண்டு ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1969 பிப்ரவரியில் வந்த அவர்களது ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 164ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதன் அட்டையைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கன்ட்ரி நட்சத்திரங்களுக்கு மணிகள் பதித்த உடைகளைத் தைத்துக் கொடுத்த நூடி கோனின் கடையில், மானுவேல் என்னும் தையற்கலைஞர் பார்சன்ஸுக்காகத் தைத்த வெள்ளை உடையில் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், நிர்வாணப் பெண்கள், கால்களில் தீச்சுவாலை, முதுகில் ஒரு பெரிய சிலுவை ஆகிய அனைத்தும் பூவேலையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தையும் சனிக்கிழமை இரவையும் ஒரே துணியில் தைத்துவிட்டார்கள்.

அந்தத் தட்டில் ஹில்மேனும் பார்சன்ஸும் இரட்டைக் குரலுக்குப் பெயர்பெற்ற எவர்லி சகோதரர்களைப் போல இணைந்து பாடுகிறார்கள். சில பாடல்களில் ஒலிப்பதிவாளர் இருவர் குரலையும் இடதும் வலதுமாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஹெட்ஃபோன் அணிந்து கேட்டால் இருவருக்கும் நடுவே நாம் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ‘ஸின் சிட்டி’ பாடலில் வரும், 31ஆம் மாடியில் இருக்கும் பொன்முலாம் பூசிய கதவு, பேர்ட்ஸின் பணத்தைக் கையாண்ட முன்னாள் மேலாளரை நினைத்து எழுதப்பட்டது என்பதை ஹில்மேன் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊரைத் திருத்த வந்து வீழ்ந்த நண்பன் என்று வருவது 1968இல் சுட்டுக்கொல்லப்பட்ட அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடி. நிலநடுக்கத்தில் நகரமே விழப்போகிறது என்று எச்சரிக்கும் பாட்டை இவ்வளவு மென்மையான இரட்டைக் குரலில் பாட யாருக்குத் தோன்றும்?

அதே தட்டில் பெடல் ஸ்டீல் வாசித்த ‘ஸ்னீக்கி’ பீட் க்ளைனோவைப் பற்றியும் ஒரு சொல். பகலில் அசைபடங்களுக்குப் பொம்மைகளை இயக்கும் வேலை, இரவில் இசை என்று வாழ்ந்தவர் அவர். பெடல் ஸ்டீல் என்பது மேசையைப் போலப் படுக்கவைத்து, தந்திகளின்மேல் உலோகத் துண்டை வழுக்கிச் செல்லவிட்டு, காலாலும் முழங்காலாலும் சுருதியை ஏற்றியிறக்கி வாசிக்கும் கருவி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழிந்து போவதால், கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது விரைவில் பிடித்துப்போகும். க்ளைனோ அதைக் கரகரப்பூட்டும் கருவியின் வழியே அனுப்பி, அழுகைக்கும் சீற்றத்துக்கும் நடுவிலான ஓர் ஒலியாக மாற்றினார்.

‘ஹாட் பரிட்டோ நம்பர் 1’ என்ற பாடல் என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதே குழுவின் கிறிஸ் எத்ரிட்ஜோடு சேர்ந்து எழுதிய அந்தப் பாட்டை அவர் தனியாகத்தான் பாடுகிறார். அவர் பாடியவற்றிலேயே சிறந்தது அதுவே என்று சொல்வோர் உண்டு. தன்னைக் கைவிட்ட பெண்ணிடம், உனக்கு இவற்றையெல்லாம் முதலில் கற்றுத்தந்தவன் நான்தானே என்று ஒருவன் கெஞ்சும்போது, அவனுக்குத் துணையாக இன்னொரு குரல் ஒலித்தால் பாட்டே பொய்யாகிவிடும். துணைக்குரல் எங்கே வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து வந்த ‘பரிட்டோ டீலக்ஸ்’ தட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘வைல்டு ஹார்சஸ்’, அவர்களது சொந்தத் தட்டில் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1970இல் இதில் வந்துவிட்டது என்ற பெருமை மட்டும் மிஞ்சுகிறது. அவ்வாண்டே ஹில்மேன் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். ஆனாலும் பின்னாளில் வாஷிங்டன் நகரத்தில் சிறிய அரங்கங்களில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டு, இவளைப் போய்க் கேள் என்று பார்சன்ஸிடம் சொன்னவரும் அதே ஹில்மேன்தான். எம்மிலூ ஹாரிஸ் இந்தக் கதைக்குள் வந்தது அப்படித்தான்.

இனி நம் கையிலுள்ள குறுந்தட்டு. முதல் தொகுப்பான ‘ஜி.பி.’யை மெர்ல் ஹாகார்டே தயாரிப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவர் பின்வாங்கிவிட்டார். பார்சன்ஸுக்கு அது பெரிய அடி. ஆனால் ஹாகார்டின் ஒலிப்பதிவாளரான ஹ்யூ டேவிஸ் வந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் மேடைக் குழுவிலிருந்து கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன், பியானோ கலைஞர் க்ளென் டி. ஹார்டின், மேளக்காரர் ரானி டட் ஆகியோர் வந்தார்கள். பைரன் பெர்லைன் ஃபிடில் வாசித்தார். ஆல் பெர்கின்ஸ் ஸ்டீல் வாசித்தார். தொழிலில் கரைகண்ட இவர்களுக்கு நடுவே, குடியும் கலக்கமுமாக இருந்த ஓர் இளைஞன் பாடுகிறான். அந்த ஏற்றத்தாழ்வைத் தட்டு முழுவதும் கேட்க முடிகிறது. சில பாடல்களில் அது பாட்டுக்குக் கைகொடுக்கிறது, சிலவற்றில் இடிக்கிறது.

கைகொடுக்கும் இடங்களை முதலில் சொல்கிறேன். ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பால்டிமோர்’ டாம்பால் கிளேசரும் ஹார்லன் ஹோவர்டும் எழுதியது. ஆப்ரி மேடையில் தன்மேல் சினந்த அதே கிளேசரின் பாட்டை நான்கு ஆண்டுகள் கழித்துத் தன் முதல் தொகுப்பில் பார்சன்ஸ் பாடியது, சமாதானமா அல்லது மெல்லிய குறும்பா என்று தெரியவில்லை; பாட்டு என்னவோ பிரமாதம். மனைவியின் ஆசைக்காக நிலத்தை விற்றுவிட்டுப் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தவன், ஆலையில் உழைத்துக் களைத்து, நகரத்து விளக்குகளை விட்டு வர அவளுக்கு மனமில்லை என்று தெரிந்ததும் தனியாக ஊர் திரும்புகிறான். பாபி பேர் 1966இல் இதைப் புகழ்பெறச் செய்தபோது அவர் குரலில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. பார்சன்ஸின் குரலில் அவள்மேல் குறையே இல்லை. ஏமாந்தவன், ஏமாற்றப்பட்டதைக்கூட அன்போடு சொல்கிறான்.

‘வீ வில் ஸ்வீப் அவுட் தி ஆஷஸ் இன் தி மார்னிங்’ பாடலில்தான் எம்மிலூவின் குரல் முதன்முதலாக முழுமையாக வெளிப்படுகிறது. மணமான இருவர், தவறு என்று தெரிந்தே மூட்டும் தீ. சாம்பலைக் காலையில் கூட்டித் தள்ளிக்கொள்ளலாம் என்ற சமாதானம். இதில் எம்மிலூ, பின்னணிப் பாடகியைப் போல அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. அவர் எந்தச் சொல்லில் தடுமாறப்போகிறார் என்பதை முன்னரே அறிந்தவர்போல, அந்தச் சொல்லின்கீழ் கையை நீட்டி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இதை ‘ஹார்மனி’ என்பார்கள். ஒரே அடியை வெவ்வேறு ஸ்வரங்களில் இருவர் சேர்ந்து பாடுவது என்று விளக்கிவிடலாம். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவரும் மூச்சு விடுவதை விளக்குவது கடினம்.

‘ஷீ’ இன்னொரு உச்சம். இதுவும் எத்ரிட்ஜோடு சேர்ந்து எழுதியது. மிசிசிப்பி டெல்டாவின் வெயிலில், பெரிய வயலே வீட்டுக் கொல்லையாக, பாடுபட்டு வாழ்ந்த ஒரு பெண். அவளுக்கு அழகில்லை, பணமில்லை, ஆனால் பாடத் தெரியும். பாடத் தெரியும் என்று சொல்கிற அந்த வரியில் அவர் மேலே ஏறுகிறார், முழுமையாக எட்டவில்லை. எட்டியிருந்தால் வரி வீணாகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தன்னைவிட நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தியைப் பற்றி அல்லவா பாடிக்கொண்டிருக்கிறார்? ‘எ சாங் ஃபார் யூ’ பாடலில், என் நிலம் காட்டு வாத்தைப் போல எங்கும் அலைகிறது என்று ஒரு வரி வருகிறது. மனிதன் நிலத்தைத் தேடி அலைவான். இங்கே நிலமே அலைகிறது. இதுபோன்ற ஒரு வரி பத்துக் கன்ட்ரிப் பாடகர்களில் ஒருவருக்குக்கூட வாய்க்காது.

‘தி நியூ சாஃப்ட் ஷூ’ சற்று விசித்திரமானது. அதன் நாயகன் ஈ.எல். கார்ட் என்னும் கார் உற்பத்தியாளர். முன்விளக்குகளை உடலுக்குள் மறைத்து வைத்த, காலத்தை முந்திய அழகிய கார்களை 1930களில் செய்துவிட்டு, அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே கார்த் தொழிலை விட்டு விலகியவர். விற்காத அழகுக்கு ஒரு பாட்டு. தன் தட்டுகள் எப்படி விற்கும் என்பது பார்சன்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ‘ஜி.பி.’ விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை.

இடிக்கும் இடங்களும் உள்ளன. ‘க்ரை ஒன் மோர் டைம்’ பாடலில் முதன்மைக் குரல் பார்சன்ஸுடையதே அன்று. பேரி டாஷியன் பாடுகிறார். நன்றாகத்தான் பாடுகிறார் என்றாலும், ஒருவரின் முதல் தனித்தொகுப்பில் அது விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல இருக்கிறது. கடைசிப் பாடலான ‘பிக் மவுத் ப்ளூஸ்’ வெறும் இரைச்சல். நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன்.

‘க்ரீவஸ் ஏஞ்சல்’ தொகுப்பில் இத்தகைய தடுமாற்றம் குறைவு. 1973இன் தொடக்கத்தில் எம்மிலூவோடு ஊர் ஊராகச் சென்று பாடிய பயணம் இருவரின் குரலையும் ஒன்றாகப் பழக்கியிருந்தது. முதல் பாடலான ‘ரிட்டர்ன் ஆஃப் தி க்ரீவஸ் ஏஞ்சல்’ அந்தப் பயணத்தில் கிடைத்ததுதான். பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த டாம் பிரவுன் என்னும் கவிஞர் தன் கவிதையைக் கொண்டுவந்து பார்சன்ஸ் கையில் கொடுத்தார். அவர் அதற்கு மெட்டமைத்தார். மேற்கு நோக்கி லாரிகளில் தொற்றிக்கொண்டு போகும் ஒருவன் வழியில் ஓர் அரசனைச் சந்திக்கிறான். அந்த அரசனின் தலையில் இருப்பதோ போதை மாத்திரைகளாலான மகுடம். கேட்பவர்கள் அந்த அரசனை, ‘ராக் அண்ட் ரோல் அரசன்’ எனப்பட்ட எல்விஸ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வரியைப் பார்சன்ஸ் பாடும்போது பின்னால் கிட்டார் வாசிப்பவர், அதே எல்விஸின் கிட்டார் கலைஞரான ஜேம்ஸ் பர்ட்டன். இருபதாயிரம் சாலைகளில் போனேன், எல்லாம் உன்னிடமே திரும்பக் கொண்டுவந்துவிட்டன என்று பல்லவியில் இரு குரல்களும் சேர்ந்து சொல்கிற இடத்தில், இதுவரை எந்தத் தட்டிலும் வீடு திரும்பாத அந்த மனிதர் முதன்முறையாக வாசற்படியில் நிற்கிறார்.

‘பிராஸ் பட்டன்ஸ்’ அவர் இருபது வயதை எட்டுமுன் எழுதிய பாடல். பதிவானதோ சாவதற்குச் சில வாரங்களுக்கு முன். மறைந்த தாயை நினைத்து எழுதியது. இதில் அழுகை இல்லை, புலம்பல் இல்லை. பொருள்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. பித்தளைப் பொத்தான்கள், பச்சைப் பட்டு, வெள்ளிக் காலணி, கூந்தலில் செருகிய சிறிய பொன்னிற ஊசிகள். இறந்தவரின் அறையில் அலமாரியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துக்கம் பொருள்களின் வழியேதான் முதலில் வரும். அவள் இல்லாமலே சூரியன் எழுந்துவிடுகிறது, அவள் போனது அதற்குத் தெரியாது என்ற வரியை அவர் எந்த அழுத்தமும் இல்லாமல், ஏறக்குறைய பேச்சுக் குரலில், சொல்லிவிட்டுப் போகிறார். எம்மிலூவின் குரல் அந்தப் பாட்டில் ஒலிப்பதில்லை. தாயைப் பற்றிய பாட்டை அவர் தனியாகவே பாடுகிறார்.

அடுத்து வரும் ‘தவுசண்ட் டாலர் வெட்டிங்’ இந்த 20 பாடல்களில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது. அழைப்பிதழ் அனுப்பியாயிற்று, விருந்தினர் வந்தாயிற்று, மணப்பெண்ணைக் காணவில்லை. ஆட்கள் ஒருவருக்கொருவர் துண்டுச்சீட்டு கடத்துவதை மாப்பிள்ளை பார்க்கிறான். செய்தி வந்ததும் நண்பர்களை இழுத்துக்கொண்டு குடிக்கப் போகிறான். அவர்கள் உயிரோடு திரும்பியதே பெரிது. பிறகு ஒரு போதகர் கூட்டத்துக்கு முன்னால் அந்தக் குழந்தையின் புனித முகத்தைப் பற்றிப் பேசுகிறார். அவள் ஓடிப்போனாளா, இறந்துவிட்டாளா? நடப்பது திருமணமா, இறுதிச்சடங்கா? பாட்டு கடைசிவரை விடை சொல்வதில்லை. மாப்பிள்ளைக்கு நண்பர்களின் முகத்தில் பழைய பொய்களின் சாயல் தெரிகிறது என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. ஒரு சிறுகதையாசிரியர் மூன்று பக்கம் எழுதிச் சேர வேண்டிய இடம் அது. மெட்டும் ஒரே நடையில் போகாமல், மெதுவாக நடந்து, திடீரென்று வேகமெடுத்து, மீண்டும் தளர்கிறது. கால் நிலைகொள்ளாதவன் நடப்பதுபோல.

இதன்பின் வருவது ஒரு வேடிக்கை. கனடாவின் வடக்குக் கியூபெக்கில் நேரடியாகப் பதிவானது என்ற பெயரோடு இரண்டு பாடல்கள் இணைந்து வருகின்றன. கூச்சல், கைத்தட்டல், புட்டி உடையும் சத்தம் எல்லாம் கேட்கும். உண்மையில் கியூபெக்குமில்லை, கூட்டமுமில்லை. எல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்து சேர்த்தது. முதல் சில முறை கேட்டபோது இந்தச் சத்தம் எனக்கு எரிச்சலையே தந்தது. பிறகுதான் உறைத்தது, இரண்டாவதாக வரும் பாடல் ‘ஹிக்கரி விண்ட்’. 1968இல் ஆப்ரி அரங்கத்தின் உண்மையான கூட்டம் மனமுவந்து ஏற்காத பாட்டுக்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து, செயற்கையாகச் செய்த ஒரு கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அன்று மேடையில் பாட்டின் பாரத்தைத் தனியே சுமந்தவருக்கு இம்முறை எம்மிலூ துணை நிற்கிறார். வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தப் பொய்க் கைத்தட்டல் இப்போது எரிச்சலூட்டுவதில்லை.

‘லவ் ஹர்ட்ஸ்’ பாடலை எல்லோரும் புகழ்வார்கள். பூட்லோ பிரையன்ட் எழுதி, எவர்லி சகோதரர்கள் 1960இல் பாடியது. இருவரும் முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்தே பாடுகிறார்கள். காதல் காயப்படுத்தும் என்பதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளும் இருவர், அதைச் சொல்லும் வேளையில் மிக நெருக்கமாக இருக்கிறார்கள். புகழ் தகும். ‘ஊ லாஸ் வேகஸ்’ விரைவாக வந்து விரைவாகப் போகும். பர்ட்டனின் விரல்களுக்காகக் கேட்கலாம்.

கடைசிப் பாடலான ‘இன் மை அவர் ஆஃப் டார்க்னஸ்’ மூன்று சரணங்களில் மூன்று நண்பர்களை நினைக்கிறது. முதலாமவர், 1972 ஜூலையில் டென்வர் அருகே சாலை விபத்தில் இறந்த நடிகர் பிராண்டன் டிவைல்ட். இரண்டாமவர், பேர்ட்ஸ் குழுவின் கிட்டார் மேதை கிளாரன்ஸ் ஒயிட். 1973 ஜூலையில் நிகழ்ச்சி முடிந்து காரில் கருவிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் வாகனம் மோதி உயிரிழந்தார். மூன்றாமவர், தன்னைப் புத்தகம்போலப் படித்துவிட்ட, வயதில் மூத்த ஒரு நண்பர். ஒயிட்டின் அடக்கத்தின்போது பார்சன்ஸும், முன்பு பரிட்டோ பிரதர்ஸில் அவரோடு இருந்த பெர்னி லேடனும் கல்லறையருகே ஒரு பழைய பக்திப்பாடலைப் பாடினார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன அந்த வாக்கு பரிமாறப்பட்டதும் அன்றுதான். பாட்டை அவரும் எம்மிலூவும் சேர்ந்து எழுதியதாகப் பதிவாகியிருக்கிறது. பல்லவியில் பாடகி லிண்டா ரான்ஸ்டாடின் குரலும் சேர்கிறது. தன் சாவை முன்னறிந்து பாடினார் என்று இதைப் பற்றிச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த 26 வயது இளைஞன் வேறு எதைப் பாடுவான்?

குறுந்தட்டைப் பற்றி. ஒலி, இன்றைய பதிப்புகளைப் போல உச்சத்துக்கு ஏற்றி நசுக்கப்படாமல், கருவிகளுக்கிடையே காற்றோட்டத்தோடு இருக்கிறது; ஒலியளவைச் சற்றுக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும். குறை என்றால் இரு தொகுப்புகளையும் மூச்சுவிட இடமில்லாமல் ஒட்டியதுதான். ‘பிக் மவுத் ப்ளூஸ்’ முடிந்த கையோடு ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ தொடங்கிவிடுகிறது. அதுபோலவே, இசைத்தட்டில் ‘தவுசண்ட் டாலர் வெட்டிங்’ முடிந்து பக்கத்தைத் திருப்புவதற்காக எழுந்து போகும் அந்த அரை நிமிட அமைதி இங்கே கிடையாது. அதற்கு நான் கண்ட வழி, 16ஆம் பாடல் முடிந்ததும் கருவியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தொடர்வது. புதிதாகக் கேட்பவர்கள் 12ஆம் பாடலிலிருந்து தொடங்கி முடிவுவரை கேட்டுவிட்டுப் பிறகு முதலுக்கு வரலாம். இதே காலத்தில் பதிவாகி ‘க்ரீவஸ் ஏஞ்சல்’ தொகுப்பிலிருந்து விலக்கப்பட்ட மூன்று பாடல்கள் 1976இல் ‘ஸ்லீப்லெஸ் நைட்ஸ்’ என்ற தட்டில் வந்தன. இவர்கள் இருவரின் குரல் பிடித்துப்போனால் அதையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பரிட்டோ பிரதர்ஸின் முதல் தட்டைத் தனியாகவே வாங்க வேண்டும்.

‘க்ரீவஸ் ஏஞ்சல்’ தொகுப்பின் அட்டையில் பார்சன்ஸும் எம்மிலூவும் சேர்ந்திருக்கும் படம் வருவதாக இருந்தது. அவர் இறந்தபின் அவருடைய மனைவியின் முடிவால் அது மாற்றப்பட்டு, நீலப் பின்னணியில் பார்சன்ஸின் முகம் மட்டும் இடம்பெற்றது. தட்டைக் கருவியில் இட்டு 12ஆம் பாடலை ஒலிக்கவிட்டால், முதல் சரணம் முடியும் முன்பே அட்டையில் இல்லாத அந்த இன்னொருவர் வந்துவிடுகிறார்.